விடுப்பில்லாமல் நீளும் நாட்கள்: மெடிக்கல் ஷாப் ஃபார்மசிஸ்ட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல், தீபாவளி வந்தால், உங்களுடன் வேலை பார்க்கும் ஃபார்மசிஸ்ட் ஊருக்குப் போய்விடுவார். அல்லது வேலையையே விட்டுவிடுவார். புது ஆள் வரும்வரை காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டரை இறக்குவதுவரை நீங்கள் ஒருவர்தான். ஒரு வாரம் என்று ஆரம்பிப்பது இரண்டு, மூன்று வாரமாக இழுக்கும். தமிழ்நாட்டில் மருந்துக்கடையில் நிற்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். எப்படியோ ஓட்டிவிடலாம் என்று நினைக்கும்போது நடக்கும் தவறுகள் சில உண்டு.

அதில் பெரியது, "எனக்குப் பழகிவிட்டது" என்று நம்புவது. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்தைச் சோதித்தார்கள். ஒன்றிரண்டு இரவு அடியோடு தூங்காதவர்கள் அளவுக்கு அவர்களுடைய கவனம் சரிந்திருந்தது. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். கவனம் நாளுக்கு நாள் இறங்கியது, இறங்குவது அவர்களுக்குத் தெரியவில்லை. பத்தாவது நாள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று உங்கள் மனசு சொன்னால் அதை நம்ப வேண்டாம். சோர்வை அளந்து பார்த்துவிட்டுக் கவனமாக இருக்க முடியாது. சரிபார்க்கும் வேலையைத் தலையிலிருந்து எடுத்து, கையும் கண்ணும் வாயும் செய்கிற வழக்கமாக மாற்றிவிட வேண்டும்.

கவுண்டரில் இதற்கு என்ன அர்த்தம்? மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை யோசித்துப் பாருங்கள். கிளினிக்குகளில் டாக்டர்கள் உட்காரும் நேரம் அது. மாத முதல் வாரமாக இருந்தால் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் டாக்டர் சீட்டில் மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் கை தானாக ரேக்குக்குப் போகும். பிரஷர் மாத்திரைகளான டெல்மா 40, டெல்மா ஹெச், டெல்மா ஏஎம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சுகர் மாத்திரையான கிளைகோமெட் ஜிபி 1-க்கும் ஜிபி 2-க்கும் அட்டையில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் உள்ளே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு இரண்டு மடங்கு. வயதானவர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கமாகிவிடலாம். தைராய்டு மாத்திரையில் 25, 50, 75, 88, 100 என்று மைக்ரோகிராம் வரிசை நீளமாகப் போகிறது, டப்பாக்களோ ஒரே மாதிரி.

அதனால் நினைவை வைத்து மருந்து எடுக்காதீர்கள், வழக்கமாக வாங்குபவராக இருந்தாலும் சரி. ஒரு சீட்டுக்கு ஒரு தட்டு. எடுத்ததும் ஒருமுறை, கவரில் போடும் முன் ஒருமுறை, அட்டையில் இருக்கும் பெயரையும் பவரையும் வாய்விட்டுப் படித்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பில் போட்ட பெயரோடு ஒப்பிட்டால் போதாது, ஏனென்றால் பில்லையும் அதே சோர்வில்தான் தட்டியிருப்பீர்கள். "யாருக்கு மருந்து, எதுக்காகப் போடுறாங்க?" என்று கொடுக்கும்போது கேட்டுவிடுங்கள். "அம்மாவுக்குக் கால் வீக்கம்" என்று பதில் வந்து, உங்கள் கையில் சுகர் மாத்திரை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பாதி சீட்டு எடுக்கும்போது போன் வந்தால், பேசி முடித்ததும் முதலிலிருந்து பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்போதுதான் ஒரு மருந்து விடுபடும், இல்லையென்றால் இரண்டு முறை ஏறும்.

சில மருந்துகளுக்கு மட்டும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், கூடுதலாக ஒரு நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒன்று இன்சுலின். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் போக வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு உடம்புக்குள் போய்விடும். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கையில் பிடித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிர்போன சம்பவங்கள் உலகமெங்கும் பதிவாகியிருக்கின்றன. "வாரம் ஒருமுறை" என்று வாயால் சொன்னால் போதாது. கவரின் மேல் "திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், களைப்பில் கடைப் பையனிடம் "நீயே பார்த்துக் கொடு" என்று விடுவது. பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனாலும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் செய்ய வேண்டியது என்று 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. ஸ்டாக் அடுக்குவது, பில் போடுவது, ஸ்டாக்கிஸ்டிடம் பேசுவது எல்லாவற்றையும் அவனிடம் தள்ளிவிடுங்கள். சீட்டையும் மருந்தையும் ஒப்பிடுவது உங்களிடமே இருக்கட்டும். சில ஆன்டிபயாடிக், பழக்கமாகிவிடக்கூடிய மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதும் ஹெச்1 ரெஜிஸ்டரையும் "லீவு முடிஞ்சு எழுதிக்கலாம்" என்று தள்ளாதீர்கள். பத்து நாள் கழித்து யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்று நினைவிலிருந்து எழுதினால் அந்தப் பதிவுக்கு மதிப்பே இல்லை.

உடம்பு விஷயம். பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடை, நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்தது. ஒரு உயரமான ஸ்டூல் கேட்டு வாங்குங்கள், கூட்டம் இல்லாதபோது உட்காருங்கள். வெரிகோஸ் நரம்பு தெரிய ஆரம்பித்திருந்தால் டாக்டரைப் பார்த்து அளவெடுத்த ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னும் மோசம். பல கடைகளில் கழிப்பறை கிடையாது, அதனால் பெண் ஃபார்மசிஸ்ட்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதனால் யூரின் இன்ஃபெக்‌ஷனும் கல்லும் வரலாம். வேலைக்குச் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பதில் கூச்சம் வேண்டாம். பக்கத்துக் கிளினிக்கிலோ லேபிலோ கழிப்பறையைப் பயன்படுத்த ஓனரைப் பேசி ஏற்பாடு செய்யச் சொல்லலாம்.

கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருப்பது நம் தொழிலில் பெரிய ஆபத்து. கால் வலிக்கிறது என்று தினமும் ஒரு டைக்ளோஃபெனாக், அதனால் எரியும் வயிற்றுக்கு ஒரு பேன்டோப்ரசோல், இரவு தூக்கம் வரவில்லை என்று கால் மில்லிகிராம் அல்பிரசோலம். வேறு யாராவது சீட்டில்லாமல் வந்து இதைக் கேட்டால் திருப்பி அனுப்புவோம். வெறும் வயிற்றில், தண்ணீரும் குறைவாகக் குடித்து, வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் கிட்னி என்ன ஆகும் என்று நமக்குப் படித்தே தெரியும். அல்பிரசோலம் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்பதும் தெரியும். ரேக்கிலிருந்து உங்களுக்காக எதையும் எடுக்காதீர்கள்.

தூக்கத்துக்கு நான் சொல்வது இரண்டுதான். இரவு எட்டு மணி டீயை நிறுத்துங்கள். காஃபினில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்ததும் போனைத் தள்ளி வையுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தவர் இரவு பத்தரைக்குப் பைக் எடுக்கும்போது பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவில் இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த வரம்பே 0.03 சதவீதம்தான். தொடர்ந்து வேலை பார்க்கும் நாட்களில் முடிந்தால் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், ஒருவரையே மூன்று வாரம் நிறுத்துவது சரியாகிவிடாது. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் பொது விதி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 54. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேர இடைவேளை, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. சின்னக் கடையில் ஓனரோடு முகம் பார்த்துப் பழகுவதால் இதைப் பேசவே பலர் தயங்குகிறார்கள். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே பேசுங்கள். யார் எந்தெந்த நாள், வெளியிலிருந்து எந்த ஃபார்மசிஸ்டைக் கூப்பிடுவது, ஓவர்டைம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையை மூடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஊர்களில் அப்போது வியாபாரம் குறைவுதான், ஓனரும் ஒத்துக்கொள்வார்.

தவறான மருந்து போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பில்லில் நம்பர் இருந்தால் அப்போதே கூப்பிட்டு, போட வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டுவிட்டிருந்தால் எழுதிய டாக்டருக்குத் தெரிவித்து, நோயாளியை அவரிடமோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ அனுப்புங்கள். ஓனரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். இதற்காகவே, தொடர்ந்து வேலை பார்க்கும் நாட்களில் எல்லா பில்லிலும் போன் நம்பரை வாங்கி வையுங்கள்.