காரில் ரப்பர் கருகும் வாடை: எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரிசெய்வது

பூப்பாறையில் ஏலக்காய் ஏற்றிக்கொண்டு இறங்கிய நாள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அடிவாரத்து முந்தல் வந்ததும் காருக்குள் ரப்பர் கருகும் வாடை. மலை இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். மறுநாள் தேனிக்குப் போகிறேன், சமதள ரோடு, அதே வாடை. இறக்கத்தில் மிதித்த பிரேக்கின் சூடு கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அடுத்த நாளும் நாறினால் ஏதோ ஒன்று விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பானெட்டைத் திறப்பதற்கு முன், வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மலை ஏறும்போது மட்டும் வந்தால் கிளட்ச். மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஏசி போட்டதும் கிரீச் சத்தத்தோடு வந்தால் பெல்ட். வண்டி நின்றிருக்கும்போதே புகையோடு வந்தால், ஆயில் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயில் பிளாஸ்டிக் பை ஒட்டி உருகினாலும் இதே வாடைதான். ஆள் நிறைய ஏறினால் மட்டும் வருகிறதென்றால் டயர் மட்கார்டில் உரசுகிறது. ஒயர் கருகும் காரமான நெடி என்றால் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது புகையோ தீயோ இல்லாதபோது மட்டும்.

இவை எதுவும் இல்லை, சும்மா ஓடினாலே நாறுகிறது என்றால் பிரேக். எனக்கு அதுதான்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ரிம்மைத் தொடாதீர்கள், பொத்துவிடும். உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய் இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டாலே போதும். தள்ளி நின்று சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு அது வீண் செலவே இல்லை.

என் காரில் முன்பக்க இடது சக்கரம். நன்றாக ஆறிய பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். நியூட்ரலில் போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். லேசான உரசல் இருக்கலாம், அது சாதாரணம். என்னுடையது கால் சுற்று கூட நகரவில்லை.

இந்த இடத்தில் உடனே காலிபரை, அதாவது பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் பகுதியை, கழற்றாதீர்கள். அதிலிருந்து பிரேக் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி பாட்டிலில் விட்டு, அரைச் சுற்று திறந்து பாருங்கள். சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் திரும்ப வழியில்லாமல் நிற்கிறது. பெரும்பாலும் பிரேக் ஹோஸ், அதாவது ஆயில் போகும் ரப்பர் குழாய், உள்ளே உப்பி அடைத்திருக்கும், அதை மாற்ற வேண்டும். விடுபடாவிட்டால் பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டனோ, காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. எனக்கு ஸ்லைடு பின்தான். மேலே மூடும் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கி, அந்தப் பின் துருப்பிடித்துப்போயிருந்தது.

நான் தவறு செய்தது இங்கேதான், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். பின்னை உருவி, எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, வீட்டிலிருந்த சாதாரண கிரீஸைத் தடவி மாட்டினேன். சக்கரம் அருமையாகச் சுற்றியது. இரண்டு மாதத்தில் மறுபடி வாடை. கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் உப்பிப்போய் அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பிரேக்கில் இருக்கும் ரப்பரை ஊத வைத்துவிடும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. கிழிந்த ரப்பரைப் புதிதாக மாற்றுங்கள். பின்னில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தால் பின்னையும் மாற்றிவிடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.

பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதுசு போடுங்கள். புது பேடுக்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ள ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சீல் கிழியும். ஜி கிளாம்ப் வைத்து மெதுவாகத் தள்ளினால் சுத்தமாக முடியும். அப்போது பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் வழிகிறதா என்று கண் வையுங்கள், பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து மிதித்து இறுக்கம் வர வையுங்கள். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். இதை மறந்து இறக்கத்தில் எடுத்தால் வண்டி நிற்காது. நிப்பிளைத் திறந்தவர்கள் பிரேக் குழாயில் புகுந்த காற்றையும் எடுத்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை: செங்கோட்டையிலிருந்து ஒருவர், எல்லாம் செய்தும் பின்சக்கரம் சுடுகிறது என்று எழுதியிருந்தார். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருவேறி, லீவரை இறக்கியும் பின்சக்கர பிரேக் லைனர் விடவில்லை. மழைக்காலத்தில் சமதளத்தில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைத் தவிர்த்து, கியரில் போட்டுக் கல் வைப்பது நல்லது.

இன்னொருவருக்கு பெல்ட் மாற்றியும் சத்தம் போகவில்லை. ஓடும் இன்ஜினில் கை, துணி, தொங்கும் சட்டை எதுவும் அருகில் போகாமல் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நின்றுபோய் மறுபடி வந்தால் பெல்ட் சுற்றும் புல்லி நேர்கோட்டில் இல்லை. அவருக்கு இரண்டாவது. கடைசியில் ஏசி கம்ப்ரசர் புல்லியின் பேரிங் போயிருந்தது.