டிசிபியா, யுடிபியா: நிரலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறை

நெட்வொர்க் வழியாகத் தரவு அனுப்பும் நிரலை எழுதத் தொடங்குபவர், டிசிபி (TCP), யுடிபி (UDP) என்ற இரு தரவு அனுப்பும் நெறிமுறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாமதமாக வந்து சேரும் தரவால் பெறுபவருக்குப் பயன் உண்டா? எது வேகமானது என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கோப்பு, மின்னஞ்சல், பணப் பரிமாற்றம் போன்றவற்றில் ஒரு பைட் விடுபட்டாலும் மொத்தமும் வீண். அரை வினாடி பிந்துவதால் நட்டமில்லை. இவற்றுக்கு டிசிபியே சரி. வரிசை எண் இடுவது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வராததை மீண்டும் அனுப்புவது, நெரிசலைக் கண்டு வேகத்தைக் குறைப்பது ஆகிய அனைத்தையும் இயங்குதளமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் டிசிபிக்குச் செய்திகளின் எல்லை தெரியாது. இரண்டு முறை அனுப்பியது மறுமுனையில் ஒன்றாகச் சேர்ந்தும் வரலாம். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி அனுப்புங்கள்.

குரல் அழைப்பில் நிலைமை வேறு. பேச்சு பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பாக்கெட்டுகளாக (தரவுப் பொதிகளாக) செல்கிறது. சென்று திரும்ப 100 மில்லிவினாடி பிடிக்கும் பாதையில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மீண்டும் வந்து சேரும் வரை, பின்னால் வந்த ஐந்து துண்டுகளையாவது டிசிபி கையில் வைத்துக்கொண்டே தராமல் காத்திருக்கும். கேட்பவருக்குப் பேச்சு திக்கித் திக்கி வரும். யுடிபியில் தொலைந்தது தொலைந்ததுதான். அந்தச் சிறு இடைவெளியை ஒலி மென்பொருள் ஊகித்து நிரப்பிவிடுகிறது.

ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேர்க்கப்படும் தலைப்பகுதி யுடிபியில் 8 பைட்தான். டிசிபிக்குக் குறைந்தது 20 பைட் வேண்டும். இந்த எளிமைக்கு ஈடாக, வரிசையும் நெரிசல் கட்டுப்பாடும் உங்கள் பொறுப்பாகின்றன. நெரிசலைப் பொருட்படுத்தாமல் கொட்டித் தள்ளும் நிரல் அதே இணைப்பைப் பகிரும் மற்றவர்களையும் பாதிக்கிறது என்பதால், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. பாக்கெட்டின் அளவிலும் கவனம் தேவை: சாதாரண ஈதர்நெட்டில் ஐபிவி4 (IPv4) முகவரி முறை வழியாக 1,472 பைட்டுக்கு மேல் வைத்தால் பாக்கெட் துண்டாகும், ஒரு துண்டு தொலைந்தாலும் முழுவதும் போய்விடும். 1,200 பைட்டுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது.

இரண்டையும் கலந்து பயன்படுத்துவதும் வழக்கத்தில் உண்டு. தளப் பெயருக்குரிய முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் (DNS) வழக்கமாக யுடிபியில் கேட்கிறது. பதில் அடங்காமல் வெட்டுப்பட்டு வந்தால் டிசிபியில் மீண்டும் கேட்கிறது. நம்பகமும் வேண்டும், ஒரே இணைப்பில் செல்லும் தனித்தனித் தரவு ஓடைகளில் ஒன்றின் இழப்பு மற்றொன்றைத் தடுக்கவும் கூடாது என்றால், 2021இல் தரநிலையான குயிக் (QUIC) நெறிமுறைக்கான நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது யுடிபியின் மேல் கட்டப்பட்டது. அந்த வேலையைச் சொந்தமாகச் செய்ய முனைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவெடுக்கும் முன், லினக்ஸின் நெட்எம் (netem) வசதியால் 100 மில்லிவினாடித் தாமதத்தையும் 1 சதவீத இழப்பையும் செயற்கையாக ஏற்படுத்தி இரு முறைகளையும் ஓட்டிப் பாருங்கள். அலுவலக லேனில் (உள் நெட்வொர்க்கில்) மட்டும் சோதித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.