ஸ்டான்லியிலிருந்து ஹொனலுலுவுக்கு: ரெசிடென்சிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து ஹவாயின் ஹொனலுலுவில் ரெசிடென்சி (மருத்துவ மேற்பயிற்சி) கிடைத்து வருபவர்களுக்காக எழுதுகிறேன். யாருக்கு எந்த மருத்துவமனையில் பயிற்சி இடம் என்று சொல்லும் மேட்ச் முடிவு மார்ச்சில் வரும். ஜூலை 1 வாக்கில் வேலை தொடங்கிவிடும். பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசாவுக்கு இந்திய அரசின் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முடிவு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம் வீடு. ஹவாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. குவீன்ஸ், குவாகினி, கபியோலானி என்று ஊருக்குள் இருக்கும் பல மருத்துவமனைகளில்தான் பயிற்சி. கடலைப் பார்த்து மயங்கி வைக்கீக்கியில் வீடு எடுக்காதீர்கள். மக்கிக்கி, பஞ்ச்பௌல் பக்கம் தேடினால் இரவு டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டும் தூரம் குறையும். நம் ஊரின் பத்து மாத அட்வான்ஸ் இங்கே இல்லை. டெபாசிட் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆனால் வாடகையே கனம்தான். கடன் வரலாறு இல்லையே என்று வீட்டுக்காரர் தயங்கினால் பயிற்சி ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். மின்கட்டணமும் அமெரிக்காவிலேயே இங்குதான் அதிகம். வடகிழக்குக் காற்று உள்ளே வரும்படி ஜன்னல் இருந்தால் பெரும்பாலான மாதங்களுக்கு ஏசி தேவைப்படாது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், இது சோறு தின்னும் ஊர். கலிஹியிலும் சைனாடவுனிலும் பிலிப்பினோ மக்கள் வாங்கும் கடைகளில் முருங்கைக்கீரையும் பாகற்காயும் கிடைக்கும். ஊரிலிருந்து பொடி வகைகள் கொண்டுவாருங்கள். கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம், வேளாண் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கீரையை இலை இலையாகக் கழுவுங்கள். நத்தை வழியாகப் பரவும் எலி நுரையீரல் புழு இங்கே உண்டு, அது மூளை உறையைத் தாக்கும்.

வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில், அதாவது நம் ஸ்டான்லியில், ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர்கள் இங்கே வந்து கூனிக் குறுக வேண்டியதே இல்லை. லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் மற்ற அமெரிக்க மாநிலங்களைவிட ஹவாயில்தான் அதிகம். அருவியில் குளித்துவிட்டுக் காய்ச்சலோடு வருபவரைப் பார்த்ததும், மழைக்கால வார்டில் நின்ற உங்களுக்கு எலிக்காய்ச்சல் சட்டென்று தோன்றும். காசநோயும் தொழுநோயும்கூட இங்கே பழங்கதை அல்ல. தோன்றுவதை ரவுண்ட்ஸில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் தெரிந்தும் பேசாமல் நிற்பதுதான் எனக்கு வருத்தம்.

புதிதாகப் பழக வேண்டியது நிதானம். ஸ்டான்லி ஓ.பி. வேகம் இங்கே எடுபடாது. வயதானவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் ஊரே அழைக்கும். உட்கார்ந்து குடும்பம், ஊர் என்று நாலு வார்த்தை பேசிய பிறகுதான் நோயைப் பற்றி வாய் திறப்பார்கள். பிலிப்பைன்ஸின் இலோகானோ, பசிபிக் தீவுகளின் சூக்கீஸ், மார்ஷலீஸ் ஆகிய மொழிகள் பேசும் நோயாளிகள் நிறைய. அவர்களுடைய பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்.

வாரத்துக்கு 80 மணி நேரம், நான்கு வாரச் சராசரியில், என்பது உச்சவரம்பு. தொடர்ந்து 24 மணி நேரம் வேலை பார்த்தால், நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் ஒப்படைக்க மேலும் 4 மணி நேரம் வரை இருக்கலாம். வேலை செய்த நேரத்தை உள்ளபடியே பதியுங்கள், குறைத்துக் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள்.

சென்னையைவிட ஹொனலுலு 15½ மணி நேரம் பின்னால். காலை 5 மணிக்குக் கிளம்பும்போது அழைத்தால் அம்மாவுக்கு இரவு 8.30, சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். கோயில் வேண்டுமென்றால் கவாய் தீவில் 'இறைவன் கோயில்' என்ற பெயரிலேயே கருங்கல்லாலான சிவன் கோயில் இருக்கிறது. விமானத்தில்தான் போக வேண்டும், முன்பதிவும் தேவை.

மாதத்தின் முதல் வேலை நாளில் 11.45 மணிக்கு ஊரெங்கும் சைரன் அலறும். அது சுனாமி போன்ற ஆபத்துகளுக்கான எச்சரிக்கைச் சைரனின் ஒத்திகை. 2004-ஐக் காசிமேட்டில் பார்த்தவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேறு நேரத்தில் அலறினால் என்ன ஆபத்து என்று உடனே செய்தியில் பாருங்கள், சுனாமி என்றால் கடல் பக்கம் போகாமல் மேட்டுக்குப் போங்கள். முடியாவிட்டால் பத்து மாடிக்குக் குறையாத கான்கிரீட் கட்டடத்தில் நாலாவது மாடிக்கு மேல் ஏறுங்கள்.