சின்ன டேட்டிங் ஆப், சின்ன ஊரு: இன்ஸ்டால்ல இருந்து அக்கவுண்ட் டெலீட் வரைக்கும்

டிண்டர், பம்பிள் எல்லாம் எப்படிப் போடறதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இது அதிகம் பேர் கேள்விப்படாத சின்ன ஆப்புகளைப் பத்தின பதிவு. அதுவும் பெங்களூர், சென்னைக்காரங்களுக்கு இல்லை. கோபி, பெருந்துறை, தாராபுரம், உடுமலைல இருக்கறவங்களுக்கும், என்னை மாதிரி திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா ஓட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்கும். நம்ம பக்கம் சிக்கல் ரெண்டு. ஒண்ணு, ஆப்புல ஆளே இருக்காது. ரெண்டு, இருக்கற நாலு பேர்ல ஒருத்தர் உங்க பெரியப்பா பையனோட கூட்டாளியா இருப்பார். ஆளும் கிடைக்கணும், ஒறம்பரை (சொந்தக்காரங்க) கண்ணுலயும் படக்கூடாது. அதுக்குத்தான் இத்தனை படி.

ஓடிபி போடறது, ஜிமெயில் திறக்கறதெல்லாம் சொல்லலைங்க, தெரிஞ்சிருக்கும்.

படி 1: எந்த ஆப்

ஏய்ல்னு ஒரு பெங்களூர் கம்பெனி 2014-ல ஆரம்பிச்சது. டேட்டிங்குக்கும் மேட்ரிமோனிக்கும் நடுவுல ஒரு இடம் பிடிக்கணும்ங்கறதுதான் அவங்க கணக்கு. 2021-ல மலையாளத்துக்கு மட்டும் அரிகேன்னு ஒரு ஆப் விட்டாங்க, அதே வழியில தமிழுக்கு அன்பே வந்தது. இங்க நான் பேசினவங்கள்ல நிறைய பேருக்கு மனசுக்குள்ள கல்யாண யோசனை ஓடிக்கிட்டு இருந்தது. அது உங்களுக்கு ஒத்து வந்தா நல்லது. சும்மா பேசிப் பழகத்தான்னா முதல் நாளே சொல்லிடுங்க.

பூன்னு ஒரு ஆப் இருக்கு. 16 வகை குணங்கள்ல நீங்க எதுன்னு கேள்வி கேட்டுப் பிரிச்சு, அதுக்குப் பொருந்தற ஆளைக் காட்டும். அந்தப் பொருத்தத்தை நான் நம்பறதில்லை, ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பார்க்கற கதைதான். ஆனா பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கிடைக்குது.

என்னோட முதல் ஓட்டு ஸ்லோலிக்கு. ஹாங்காங்காரங்க 2017-ல கொண்டு வந்தது. சொல்லப்போனா அது டேட்டிங் ஆப்பே இல்லை, பேனா நண்பர் ஆப். போட்டோவுக்குப் பதிலா ஒரு பொம்மை முகம்தான். நீங்க எழுதற கடிதம் தூரத்தைப் பொறுத்து மணிக்கணக்குல பயணம் பண்ணித்தான் போய்ச் சேரும். மூஞ்சி காட்டத் தயங்கறவங்க இங்க ஆரம்பிங்க.

ஹேப்பன் மட்டும் நம்ம பக்கம் வேண்டவே வேண்டாம். பிரான்ஸ்காரங்க பண்ணினது. ரோட்டுல உங்களைக் கடந்து போனவங்களை உங்களுக்கும், உங்களை அவங்களுக்கும் காட்டறதுதான் அதோட வேலையே. பாரிஸ்ல அது கவிதையா இருக்கலாம். கோபி பஸ் ஸ்டாண்டைக் கடந்து போறவங்கள்ல பாதிப்பேர் உங்க அப்பாவைத் தெரிஞ்சவங்க.

வெஜ்லின்னு சைவக்காரங்களுக்கே ஒண்ணு இருக்கு. பள்ளிபாளையம் சிக்கன் விளையற பூமியில அதுல ஆள் தேடறது வீண் வேலை.

எதைப் போடறதுக்கு முன்னாடியும் பிளே ஸ்டோர்ல ரெண்டு இடம் பாருங்க. ‘அபௌட் திஸ் ஆப்’ உள்ள கடைசியா அப்டேட் ஆன தேதி இருக்கும், அது பல மாசம் பழசா இருந்தா விட்டுடுங்க. சின்ன ஆப்புகளைத் திடீர்னு இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. அடுத்து ரிவ்யூவை ‘நியூவஸ்ட்’னு வரிசை மாத்திப் படிங்க. மேலாப்புல தெரியற அஞ்சு ஸ்டாரெல்லாம் எந்தக் காலத்துதோ.

படி 2: நம்பர், பேர், படம்

பழைய ரெண்டாவது சிம் இருந்தா அதைப் போடுங்க. காண்டாக்ட்ஸ் பெர்மிஷன் கேட்டா ‘டோண்ட் அலவ்’. பெரிய ஆப் சிலதுல உங்க காண்டாக்ட்ல இருக்கறவங்களுக்கு நீங்க தெரியாம மறைக்கற வசதி உண்டு, அதுக்குக் கொடுக்கலாம். சின்ன ஆப்புல பெரும்பாலும் அது கிடையாது. அப்புறம் எதுக்குக் கொடுக்கணும்?

பேர் முதல் பாதி போதும். ஊர்ப் பேர் வேண்டாம்.

படத்துக்கு வருவோம். இன்ஸ்டால, பேஸ்புக்ல போட்ட படத்தை இங்க போடாதீங்க. படத்தை வெச்சுத் தேடற கூகுள் லென்ஸ்ல போட்டா அதே படம் இருக்கற இடம் மாட்டிக்க வாய்ப்பு இருக்கு. புதுசா எடுங்க. எடுத்ததுக்கு அப்புறம் பின்னாடி என்ன தெரியுதுன்னு பெரிசு பண்ணிப் பாருங்க. கம்பெனி ஐடி கார்டு கழுத்துல தொங்குதா? வண்டி நம்பர் தெரியுதா? டிஎன் 36-ன்னா கோபி, டிஎன் 41-ன்னா பொள்ளாச்சி, டிஎன் 78-ன்னா தாராபுரம். தெரிஞ்சவனுக்கு அது போதும். இன்னொண்ணு யாருக்கும் தோணாது: குலதெய்வக் கோயில் முன்னாடி எடுத்த படம். நம்ம பக்கத்து ஆளுங்க அந்தக் கோபுரத்தைப் பார்த்த உடனே எந்த ஊரு, என்ன கூட்டம் (குலம்)னு சொல்லிடுவாங்க. பொங்கல் வெச்சப்ப எடுத்த பட்டுச்சேலைப் படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது வீட்டு ஆல்பத்துலயே இருக்கட்டும்.

இவ்வளவு பயம் எதுக்குன்னு கேக்கலாம். 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பட்டப்பகல்ல, சாதி மாறிக் கல்யாணம் பண்ணின ஜோடியை வெட்டினாங்க. பையன் உயிர் போயிடுச்சு. அதே ரோட்டுல நடந்துக்கிட்டுத்தான் நாமளும் ஆப் போடறோம். யார்கிட்ட எப்பச் சொல்லணும்ங்கறதை நீங்க முடிவு பண்ணணும், ஆப் முடிவு பண்ணக்கூடாது.

படி 3: லொகேஷனும் தூரமும்

இங்கதான் பாதிப்பேர் ‘ஆளே இல்லை’ன்னு ஆப்பைத் தூக்கிடறாங்க. கொஞ்சம் நிதானமாப் படிங்க.

முதல்ல லொகேஷன். ஆண்ட்ராய்டு 12-ல இருந்து ‘யூஸ் பிரிசைஸ் லொகேஷன்’னு தனியா ஒரு சுவிட்ச் வருது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பெர்மிஷன்ஸ், லொகேஷன்னு போனா கிடைக்கும். அதை அணைங்க. ஐபோன்லயும் இதே மாதிரி உண்டு. அணைச்சா உங்க வீட்டுக்குப் பதிலா சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு பகுதிதான் ஆப்புக்குத் தெரியும். ஆப் ஓடறப்ப மட்டும்னு அனுமதி கொடுங்க, எப்பவும்னு கொடுக்காதீங்க.

அணைக்கறதுக்குக் காரணம் இருக்கு. சில ஆப் ‘4 கிமீ தொலைவில்’னு கணக்காக் காட்டும். ஒருத்தன் மூணு இடத்துல நின்னு மூணு தடவை உங்க தூரத்தைப் பார்த்தான்னா, மூணு வட்டம் போட்டு அது வெட்டிக்கற இடத்துக்கு வந்துடலாம். திருப்பூர்ல அந்த இடத்துல ஐநூறு வீடு இருக்கும். தோட்டத்துச் சாளைல (காட்டுக்குள்ள தனி வீடு) இருக்கறவங்களுக்கு அந்த இடத்துல இருக்கறதே ஒரு வீடுதான்.

அடுத்து தூர ஸ்லைடர், அதாவது எத்தனை கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஆளைக் காட்டணும்னு வைக்கற இடம். சில ஆப்புல புதுசாப் போடறப்ப குறைச்ச தூரத்துல நிக்கும். திருப்பூர்ல 20 வெச்சா அவிநாசியோட முடிஞ்சுது. ஆப்பு தூரத்தை ரோட்டு வழியா அளக்கறதில்லை, நேர்கோட்டுல, வான்வழியா அளக்குது. திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் அப்படிப் பார்த்தா நாப்பத்தி சொச்சம், ஈரோடு அம்பதுக்குள்ள. அதனால 60 வைங்க, ரெண்டு ஊரும் உள்ள வந்துடும், கோபியும் வந்துடும். கரூர் வேணும்னா 80-க்கு மேல போகணும்.

பொள்ளாச்சிக்காரங்க கதை வேற. 50 வெச்சா பாலக்காடு உள்ள வந்துடும், திரை பூரா மலையாளம்தான். அது சிலருக்குச் சந்தோஷம், என் சிநேகிதி ஒருத்திக்கு அப்படித்தான். வேண்டாம்னா மொழி பில்டர்ல தமிழ் வைங்க. அதே 50-ல வால்பாறையும் வரும். ஆப்புல பக்கத்துல இருக்கற மாதிரி காட்டும், ஆனா மலை ஏறிப் போக 40 கொண்டை ஊசி வளைவு, அறுபது கிலோமீட்டருக்கு மேல ரோடு. ‘பக்கத்துலதானே, பொழுதோட பார்க்கலாம்’னு வாக்குக் கொடுத்துடாதீங்க.

இன்னொரு இடம்: சில ஆப்புல வட்டத்துக்குள்ள ஆள் தீர்ந்து போனா தானாவே வெளியூர்க்காரங்களைக் காட்டும். நீங்களும் விழுந்து விழுந்து எழுதிட்டு இருப்பீங்க, பார்த்தா அந்தம்மா டொராண்டோ. ஊர்ப் பேரைப் பார்த்துட்டு லைக் போடுங்க.

எப்பத் திறக்கறதுங்கறதும் முக்கியம். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆப்புல நடமாட்டம் இருக்கும். செவ்வாய், புதன்ல உள்ள போய் மனசு ஒடிஞ்சு வராதீங்க.

படி 4: உங்களைப் பத்தி

‘சிம்பிள் பர்சன், பேமிலி முக்கியம், மியூசிக் பிடிக்கும்.’ இப்படி எழுதினவங்களை எல்லாம் ஒரே ஆள்னு நினைச்சுக்கிட்டு தள்ளிட்டே போயிடுவேன். நான் நின்னு படிச்ச ஒரு ப்ரொபைல்ல இவ்வளவுதான் இருந்தது: ‘அரிசிம்பருப்புக்கு நெய். தயிர்னு சொல்றவங்களோட சண்டை போட ரெடி. ஞாயித்துக்கிழமை செல்லை அணைச்சுட்டு தோட்டத்துல தென்னைக்குத் தண்ணி விடுவேன்.’ பதில் எழுத மூணு இடம் இருக்கு பாருங்க. நான் தயிர்க் கட்சி, உடனே எழுதிட்டேன்.

தமிழ்லயே எழுதுங்க. ஆங்கிலம் கலந்தா தப்பில்லை, ஆனா தங்கிலீஷ்ல ரெண்டு பத்தி எழுதினா யாரும் படிக்கறதில்லை.

படி 5: பேச்சு

ரெண்டாவது நாளே ‘நீங்க என்ன ஆளுங்க?’ன்னு கேள்வி வரும். நம்ம ஊர்ல தப்பிக்கவே முடியாது. கேக்கறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்லை. ஒரே கூட்டம்னா பங்காளி முறை, அண்ணன் தங்கச்சி ஆயிடும், அந்தப் பயத்துலயும் கேப்பாங்க. நான் சொல்றது இதுதான்: ‘அது தெரிஞ்சாத்தான் பேசுவீங்கன்னா உங்களுக்கு மேட்ரிமோனி சரிப்படுங்க.’ மரியாதையா, ஒரு தடவை. திரும்பக் கேட்டா அன்மேட்ச், ஆப்புல தொடர்பை வெட்டி விட்டுடுவேன்.

நேர்ல பார்க்கறதுக்கு முன்னாடி வீடியோ கால் கட்டாயம், அஞ்சு நிமிஷம் போதும். கேமரா ரிப்பேர்னு சாக்குச் சொன்னா விட்டுடுங்க. அவங்க படத்தை நீங்களும் லென்ஸ்ல போட்டுப் பாருங்க. கிரிப்டோ, ஆன்லைன் டிரேடிங், அவசரமா அம்மாவுக்கு ஆபரேஷன்னு பேச்சு எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் போகக்கூடாது. போயிடுச்சுன்னா வெக்கப்படாம உடனே 1930-க்கு அடிங்க. சைபர் குற்றத்துக்கான நாடு முழுக்க இருக்கற நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

அந்தரங்கப் படத்தை வெச்சு மிரட்டினா ஸ்டாப் என்சிஐஐன்னு (StopNCII.org) ஒரு தளம் இருக்கு, 18 வயசு ஆனவங்களுக்கு. படத்தை அவங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்க போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி எடுத்து, அதை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டா மாதிரியான கம்பெனிகளுக்குக் கொடுத்துத் தடுப்பாங்க.

படி 6: சந்திப்பு

சொந்த ஊர்ல வேண்டாம், கோயமுத்தூர் போங்க. அவங்கவங்க வண்டியில, இல்ல பஸ்ல. பகல்ல. ‘பைக்ல ஊட்டி போலாமா’ன்னு முதல் சந்திப்புக்கே கேட்டா சிரிச்சுட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. ரேஸ்கோர்ஸ் காலைல ஆகாது, நடைப்பயிற்சிக்கு வர்ற மாமாக்கள் ஜாஸ்தி. அன்னபூர்ணாவும் ஆகாது, எந்தக் கிளைக்குப் போனாலும் ஒறம்பரை யாராச்சும் காபி குடிச்சுட்டு இருப்பாங்க. பெரிய மால், வேலை நாள் மத்தியானம், அதுதான் என் தேர்வு.

காலண்டர்ல முகூர்த்த நாளைப் பார்த்து அன்னைக்குத் தவிருங்க. ஆவணி, தை முகூர்த்தத்துக்கு மாவட்டமே கோயமுத்தூர் மண்டபங்கள்லதான் இருக்கும்.

உங்க சிநேகிதி ஒருத்திகிட்டயாவது எங்க போறீங்கன்னு சொல்லி லைவ் லொகேஷன் அனுப்பிட்டுப் போங்க.

படி 7: வெளிய வர்றது

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா அக்கவுண்ட் போகாது. உங்க படம் அங்கயே ஊர் பார்த்துட்டு நிக்கும். முதல்ல ஆப்புக்குள்ள செட்டிங்ஸ்ல ‘டெலீட் அக்கவுண்ட்’. உள்ள இல்லைன்னா பிளே ஸ்டோர்ல அந்த ஆப்போட ‘டேட்டா சேஃப்டி’ பகுதியில அதுக்கான லிங்க் பாருங்க, அக்கவுண்ட் திறக்க விடற ஆப் அழிக்கவும் வழி வைக்கணும்னு கூகுள் விதி இருக்கு.

காசு கட்டியிருந்தா பிளே ஸ்டோர்ல ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் கேன்சல் பண்ணுங்க. அதோட யுபிஐ ஆப்புல ‘ஆட்டோபே’ பகுதியையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

பின்சேர்க்கை 1: ஈரோட்டுல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. ஆப்புல பேசின ஒருத்தனுக்கு ஊர், பேர் எதுவும் சொல்லாம வாட்ஸ்அப் நம்பர் மட்டும் கொடுத்திருக்கா. மறுநாளே அவன் இவ பேரை, இவ அப்பா பேரோட சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். எப்படின்னா, நம்பரை யுபிஐ ஆப்புல பணம் அனுப்பற மாதிரி அடிச்சா பேங்க்ல பேர் இனிஷியலோடவோ அப்பா பேரோடவோ எப்படி இருக்கோ அப்படியே வந்து நிக்கும். அதனால நம்பரே கொடுக்காதீங்க. ஆப்புக்குள்ளயே பேசுங்க, இல்லைன்னா டெலிகிராம்ல யூசர்நேம் வெச்சு, பிரைவசியில போன் நம்பரை ‘நோபடி’ன்னு மாத்திட்டு அதைக் கொடுங்க. இதைப் படி 2-லயே சொல்லியிருக்கணும், தேடி வர்றவங்களுக்காக இங்க தனியா வெச்சிருக்கேன்.

பின்சேர்க்கை 2: ஆண் நண்பர் தேடற ஆண்கள், பெண் நண்பி தேடற பெண்கள் ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. 2018 செப்டம்பர் 6-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் வயசு வந்தவங்க மனசொத்துப் பழகறது சட்டப்படி குற்றம் இல்லை. ஆனா போலி ப்ரொபைல்ல வரவழைச்சு, ‘வீட்டுல சொல்லிடுவேன்’னு மிரட்டிப் பணம் பறிக்கறது நடக்குது. தனி வீடு, லாட்ஜ், ஆளில்லாத தோட்டம்னு கூப்பிட்டா போகாதீங்க. மிரட்டறதுதான் குற்றம், 1930 உங்களுக்கும் உண்டு.

பின்சேர்க்கை 3: அம்மா கையில செல் இருக்கறப்ப நோட்டிபிகேஷன் வந்துடுச்சுன்னு புலம்பினவங்களுக்கு: ஆப்போட நோட்டிபிகேஷனை மொத்தமா அணைங்க. சாம்சங்னா ‘செக்யூர் ஃபோல்டர்’ உள்ள போடுங்க. மத்த போன்ல ஆண்ட்ராய்டு 15 இருந்தா ‘பிரைவேட் ஸ்பேஸ்’ இருக்கான்னு செட்டிங்ஸ்ல தேடிப் பாருங்க. அதைப் பூட்டினதும் ஐகானும் தெரியாது, மெசேஜும் வராது.