இஸ்லாமிய மார்க்க அறிஞர் இமாம் நவவியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஆசைப்பட்டு நேரே அவருடைய பெரிய சட்ட விளக்க நூலான மஜ்மூவைக் கையில் எடுத்தால் நாலாவது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள். அது அவராலேயே முடிக்க முடியாமல் போன நூல். வட்டி பற்றிய பாடத்தோடு அவர் ஆயுள் முடிந்தது, பிறகு எழுத உட்கார்ந்த தகிய்யுத்தீன் சுப்கியாலும் முடிக்க முடியவில்லை.

அதனால் முதலில் அர்பஈன். பேர்தான் நாற்பது, உள்ளே 42 ஹதீஸ், அதாவது நபிமொழி. ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஆறாவதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்: ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, நடுவில் சந்தேகமானவை இருக்கின்றன என்று சொல்லும் ஹதீஸ் அது. படித்த சூட்டோடு அவர் வாழ்க்கைக்கு வாருங்கள்.

1233இல் சிரியாவின் ஹவ்ரான் பகுதியில் நவா என்ற ஊரில் பிறந்தவர், பதினெட்டு பத்தொன்பது வயதில் டமாஸ்கஸுக்கு ஓத வந்து ரவாஹிய்யா மதரஸாவில் தங்கி ஒரு நாளைக்கு 12 பாடம் ஓதியவர், பழத்துக்குப் பேர்போன அந்த ஊரில் பழத்தைத் தொடவே மாட்டார். ஏன் என்று மாணவர் இப்னுல் அத்தார் கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்: இங்கே தோட்டங்களில் நிறைய வக்ஃபு சொத்து (தர்மத்துக்கு எழுதி வைத்தது), அதை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விடுகிறார்கள், அந்த முறையிலேயே உலமாக்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) கருத்து வேறுபாடு இருக்கிறது, எப்படி மனசார சாப்பிடுவது? ஆறாவது ஹதீஸை இவ்வளவு தூரம் கொண்டுபோக நம்மால் முடியாது, சரி, ஆனால் எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் பைபர்ஸுக்கே கண்டித்துக் கடிதம் எழுதியவர், கல்யாணம் செய்யாமலே 1277இல் சொந்த ஊரில் மௌத்தானார்.

அப்புறம் ரியாளுஸ் ஸாலிஹீன். சுமார் 1,900 ஹதீஸ், பல பாடங்கள் குர்ஆன் வசனத்தோடு தொடங்கும். வரிசையாகப் போக வேண்டியதில்லை. கோபம் வந்த அன்றைக்குப் பொறுமைப் பாடத்தைப் புரட்டுங்கள்.

அவருடைய சட்ட நூலான மின்ஹாஜை மட்டும் தனியாகத் திறக்காதீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று ஷாஃபி மத்ஹபில் (இமாம் ஷாஃபியின் சட்ட வழியில்) வளர்ந்தவர்களுக்கு அதன் சட்டங்கள் பாதி பழக்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் ஓதிக்கொடுக்க ஒரு ஆலிம் வேண்டும். முன்னுரையை யாரும் தாண்டிப் போகக்கூடாது. ‘அள்ஹர்’ என்று வந்தால் இமாம் ஷாஃபியின் சொந்தக் கருத்துகளில் வலுவானது, ‘அஸஹ்’ என்று வந்தால் அவர் வழி வந்த அறிஞர்களின் கருத்துகளில் வலுவானது. இந்த இரண்டு சொல்லையும் ஒரு சீட்டில் எழுதிக் கிதாபுக்குள் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.