பினாங்கிலிருந்து ஒரே நாளில் பூஜாங் பள்ளத்தாக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

நம் ஆட்களிடம் கடாரம் என்று சொன்னால் போதும், ராஜேந்திர சோழனும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும் உடனே பேச்சில் வந்துவிடும். அந்தக் கடாரத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டால்தான் பலரிடம் பதில் இருக்காது. இன்றைய கெடாதான் அந்தக் கடாரம். அதன் பழைய கோயில் எச்சங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு மெர்போக் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் மெர்போக் ஒன்றும் தொலைவில்லை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் மாதிரிக் கோபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் அடித்தளம்தான். அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் நாள் போதாது. தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

படி 1: நாளும் வண்டியும்

ஜனவரி, பிப்ரவரியில் கெடா காய்ந்து கிடக்கும். அதுவே நல்ல சமயம். செப்டம்பர், அக்டோபரில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். சொந்தக் கார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் சுங்கைப்பட்டாணி வரை போய், அங்கிருந்து வாடகை வண்டி பிடிக்கலாம். ஆனால் திரும்பி வர மெர்போக் பக்கம் வண்டி கிடைப்பது சிரமம். போகும்போதே ஓட்டுநரிடம் பேசி வைத்துவிடுங்கள். கொசு மருந்து, தண்ணீர், வழுக்காத செருப்பு இவை போதும்.

படி 2: புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சின்ன நிறுத்தம்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள்ளேயே செரோக் தொக்குன் பாறை இருக்கிறது. பல்லவ எழுத்தில் பொறித்த வடமொழி வாசகம். 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைக் கண்டறிந்தார். எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. காலைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் கீறல்கள் கண்ணில் படும். ஜூலை கடைசியில் மட்டும் போகாதீர்கள். தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது.

இதே லோ 1834இல் செபராங் பிறையில் இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். நடுவில் தூபி (பௌத்த ஸ்தூபம்) வரைந்த கல். புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பயணம் நல்லபடி முடியவேண்டும் என்று பொறிக்கச் செய்தது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு என்கிறார்கள். இப்போது அது கொல்கத்தாவில் இருக்கிறது. ராஜேந்திரன் கப்பல் ஏறுவதற்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் பௌத்த வணிகர்கள் நடமாடியிருக்கிறார்கள். ‘பூஜாங்கில் இருப்பதெல்லாம் சோழன் கட்டியது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிட வேண்டாம்.

படி 3: சுங்கை பத்து

வடக்கு நெடுஞ்சாலையில் சுங்கைப்பட்டாணி தாண்டி, பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் சாலையைப் பிடியுங்கள். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தெரிந்தால் சரியான வழிதான். சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். கிடைத்தது கோயில் மட்டுமல்ல, இரும்பு உருக்கிய பட்டறைகள்! துருத்திக் குழாய்களும் இரும்புக் கிட்டமும் (உருக்கியபின் மிஞ்சும் கசடு) குவியல் குவியலாக வந்தன. வட்டமான செங்கல் மேடை ஒன்றும் உண்டு. அதற்கு நேரே ஜெராய் மலை நிற்கிறது. 1,217 மீட்டர் உயரம். கடலில் வந்தவர்களுக்கு அதுதான் அடையாளம். இடத்தின் வயதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பலகையில் போட்ட ஆண்டை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

படி 4: மெர்போக் அருங்காட்சியகம்

திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே சிலைத் துண்டுகள், கண்ணாடி மணிகள், சீனப் பீங்கான் சில்லுகள் எல்லாம் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் அடித்தளப் பேழைகளை மட்டுமாவது நின்று பாருங்கள். கருங்கல்லில் சின்னச் சின்னக் குழிகள் வைத்துச் செய்து, பொன்னும் மணியும் இட்டுக் கட்டடத்துக்கு அடியில் புதைத்தவை. நம் ஊர்க் கோயில்களில் கர்ப்பந்யாசம் செய்வது தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

படி 5: கோயிலைப் படிக்கும் விதம்

இங்கே பழைய கோயில் எச்சங்களைச் சண்டி என்பார்கள். அருங்காட்சியகத்துக்கு வெளியே உள்ள சண்டிகளில் மூன்று (பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட்) வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து மறுபடி அடுக்கியவை. ஓடையருகே மேட்டில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டிதான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் தம்பதி தோண்டி, 8 என்று எண் கொடுத்தது இதற்குத்தான். பின்னால் அலாஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளரின் மேற்பார்வையில் 1960 வாக்கில் கற்களைச் சீராக அடுக்கினார்கள்.

உடனே மேலே ஏறாமல் முதலில் சுற்றி வாருங்கள். உயரமான சதுரப் பகுதி விமானம் (கருவறை இருந்த இடம்), அதற்கு முன்னால் விரிந்திருப்பது மண்டபம். இப்போது தரையைப் பாருங்கள். வரிசையாகத் தூண் பாதக் கற்கள் தெரியும். அவற்றின் மேல் நின்றவை மரத்தூண்கள். கூரையும் மரம், ஓலை போன்றவற்றால்தான் இருந்திருக்கும்; இந்த மழையில் எப்படித் தாங்கும்? கல் மட்டும் மிஞ்சியது. தூண் பாதங்களுக்கு நடுவே நின்று அந்த வரிசையை மேலே நீட்டிப் பார்த்தால் கூரை எங்கே இறங்கியிருக்கும் என்று பிடிபடும். பிள்ளைகளை ஒவ்வொரு பாதத்துக்கும் ஒருவராக நிற்க வையுங்கள், மண்டபம் தானாக எழும்.

இன்னொரு குறிப்பு: விமானமும் மண்டபமும் சேர்ந்து இருந்தால், அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி கிடைத்தால், பெரும்பாலும் சைவம். தூபியின் அடித்தளமாக இருந்தால் பௌத்தம். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்ததில் வியக்க ஒன்றுமில்லை. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்குச் சிவபக்தனான ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே கொடுத்தவன்தானே.

கற்பூரம் கொளுத்துவது, குங்குமம் பூசுவது இரண்டும் வேண்டாம். கல்லில் கறை படிந்தால் போகாது. தோட்டத்து நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டியை 2013இல் புல்டோசர் வைத்தே இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதையாவது விட்டுவைப்போம்.

பசித்தால் பீடோங்குக்கே திரும்பிவிடுங்கள், நம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பிள்ளைகள் ஓடையில் இறங்க அடம்பிடிப்பார்கள், மாற்றுத் துணி வண்டியில் இருக்கட்டும். மலைப் பக்கம் வானம் கறுத்தால் மட்டும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.