வன்னியில் மரம் அரிவோருக்கு: எந்தச் சங்கிலிவாள்?
வீட்டுக்கூரை மேல் சாய்ந்த கிளைகளை இறக்கும் தொழிலாளர், ஒரே பெரிய வாளை எல்லா வேலைக்கும் சுமப்பதைவிட, மரத்தில் ஏறி அரிவதற்கு 12 அங்குல அலகுள்ள இலகுவான சங்கிலிவாளையும், அடிமரத்துக்கு 60 சிசிக்குக் குறையாத எஞ்சினும் 20 அங்குல அலகும் கொண்ட வாளையும் தனித்தனியே வைத்திருப்பது நல்லது. பாலை, முதிரை போன்ற வைரமரங்கள் பல்லை விரைவில் மழுக்கும். செதிளுக்குப் பதிலாக மாவுபோல் தூள் கொட்டினால் உடனே அராவவேண்டும்.

நான் மிகவும் வற்புறுத்துவது வேறொன்று: முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் 2009க்கு முன்பிருந்தே நிற்கும் மரங்களுக்குள் எறிகணைச் சிதறல்கள் புதைந்திருக்கக்கூடும். பட்டையில் பழைய வடுவோ, அரிந்த முகத்தில் கருநீலக் கறையோ தென்பட்டால், வாளை நிறுத்தி, வெட்டும் இடத்தை மாற்றுங்கள். வெடிபொருள் என்ற ஐயம் எழுந்தால், எதையும் தோண்டாமல் விலகிநின்று பொலிஸாருக்கு அறிவியுங்கள். மாற்றுச் சங்கிலி எப்போதும் கைவசம் இருக்கட்டும்.